பென்சில் கிறுக்கல், நீக்கப்பட்டது

ஆர்வில் டெட்ரிக் போருக்குப் போனதில்லை. 1942இல் கார்வர்டன் ஊர் வாலிபர்கள் எல்லாம் வரிசையில் நின்று பெயர் கொடுத்தபோது அவரும் நின்றார். இடது காதுச் சவ்வில் ஓட்டை என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். போய்வந்தவர்கள் போரை மறக்கப் படாதபாடு பட்டார்கள். போகாத இவரோ ஐம்பது வருஷமாக அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். "சண்டைக்குப் போனவங்க எல்லாரும் வீடு திரும்பிட்டாங்க. போகாத என் புருஷன்தான் இன்னும் வரல" என்று அவர் மனைவி லவோன் தேவாலயத்துப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒஹையோவில் எங்கள் மாவட்டப் பத்திரிகை ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தினார். சம்பளத்துக்கு அது, மனசுக்கு வீட்டின் அடித்தள அறை. அங்கே சுவர் முழுக்கப் படைப்பிரிவு வரலாறுகள். 1945 கோடையில், போர் முடிந்து ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த மாதங்களில், பொழுது போகாத அதிகாரிகள் ஜெர்மன் அச்சகங்களிலேயே அடித்து ஆளுக்கொன்று கொடுத்த புத்தகங்கள் அவை. முன்பக்கம் ஜெனரலின் படம், நடுவில் வரைபடம், பின்பக்கம் கம்பெனி என்ற படைக்குழு வாரியாக ஒவ்வொருவன் பெயரும் வீட்டு விலாசமும். அதோடு ஆண்டு விழா நிகழ்ச்சி நிரல்கள், கையால் சுற்றும் இயந்திரத்தில் அடித்த செய்தித்தாள்கள், கிறிஸ்துமஸ் விருந்து அட்டைகள். விருந்து அட்டைதான் ஆர்விலுக்கு உயிர். ஒரு பக்கம் வான்கோழி, குருதிநெல்லிச் சாறு, பூசணிப் பணியாரம் என்று பட்டியல் இருக்கும். மறுபக்கம் கேப்டன் முதல் சமையல்காரன் வரை அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் இருப்பார்கள். அந்த அட்டையில் பெயர் இருந்தால் அந்த நாளில் அந்த ஆள் அங்கே இருந்தான். அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

1973இல் செயின்ட் லூயிஸில் ராணுவத்தாரின் கோப்புகள் லட்சக்கணக்கில் எரிந்து சாம்பலானபோது, அதுவரை கேலி பேசியவர்கள் எல்லாம் ஆர்விலைத் தேடி வந்தார்கள். என் அப்பா எந்தக் கம்பெனி, என் அண்ணனோடு இருந்தவர்களில் யார் மிச்சம் என்று எல்லா மாநிலங்களிலிருந்தும் கடிதம் வரும். ஒன்றுக்கும் பதில் போடாமல் விட்டதில்லை. மனிதருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அரசாங்கத்திடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது என்பார். பெரும்பாலும் அது உண்மைதான்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. வாங்கி வரும் புத்தகத்தைக் குளிப்பாட்டிவிடுவார். ரப்பர் தூள் அடைத்த சின்னத் துணிமூட்டை ஒன்று வைத்திருந்தார். அதைப் பக்கம் பக்கமாக உருட்டி, விரல் அழுக்கு, காப்பிக் கறை, பென்சில் கோடு எல்லாவற்றையும் எடுத்து, பிறகு மென்மையான தூரிகையால் தட்டிவிடுவார். வாழ்நாள் முழுக்கத் தாளில் பிறர் செய்த தவறுகளை நீக்கியவருக்குக் கிறுக்கல் கண்ணில் பட்டால் கை சும்மா இராது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு குறிப்பு அட்டை எழுதுவார்: எங்கே வாங்கியது, யாருடையது, என்ன நிலையில் வந்தது, என்ன செய்தது. அழகான கையெழுத்து.

1994 வசந்தத்தில், பெல்ஜியத்துக் காட்டுச் சண்டையின் ஐம்பதாம் வருஷத்துக்காக, அந்தக் குளிர்காலத்தில் அங்கே நின்ற எங்கள் ஊர்க்காரர்களின் பெயரை வெண்கலப் பலகையில் வார்த்துக் கோர்ட்டு வாசலில் வைப்பது என்று படைவீரர் சங்கத்தில் முடிவாயிற்று. பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு ஆர்விலுடையது. அவர் முதல் கூட்டத்திலேயே ஒரு விதி போட்டார்: தாள் இல்லாமல் ஒரு பெயரும் ஏறக் கூடாது. சங்கத் தலைவர் ரோலண்ட் ஃபெட்டர்ஸ், விதை வியாபாரி, நாணயமான ஆள், அதை அப்படியே குறிப்பேட்டில் ஏற்றினார்.

பதினேழு பெயர்கள் சுலபமாக ஏறின. பதினெட்டாவது பெயர் மெர்ல் ஹாக்கன்பெரி.

மெர்ல் பால் பண்ணைக்காரர். ஜூலை வெயிலிலும் இரட்டைக் கம்பளிக் காலுறை போடுவார். அவர் போரில் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. பேச்செல்லாம் ஒன்பது நாளைப் பற்றி. 1944 டிசம்பர் இருபதிலிருந்து இருபத்தெட்டு வரை, கம்பெனியில் பாதி ஆள் செத்தும் சிறைபட்டும் போன நாட்களில், மெர்ல் அங்கே இல்லை. அதே கம்பெனியில் இருந்த எங்கள் ஊர்க் குழாய்க்கடைக்காரர் ஹார்லன் பிக்ஸ் 1946இல் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, "நாங்க பனியில பொணமா விழுந்துக்கிட்டிருந்தப்ப ஹாக்கன்பெரி எந்த வைக்கோல்போர்ல தூங்கினான்னு அவனைத்தான் கேக்கணும்" என்று ஒரு தடவை சொன்னார். ஒரே தடவைதான். எங்கள் ஊருக்கு அது போதும். மே மாதக் கடைசியில் வீரர்கள் அணிவகுத்துக் கல்லறைக்கு நடக்கும்போது மெர்ல் ஒரு வருஷம்கூடக் கலந்துகொள்ளவில்லை. அன்றைக்குத்தான் அவர் பண்ணையில் வேலி பழுது பார்ப்பார்.

நடந்தது என்ன என்பதை அவர் ஆர்விலிடம்தான் முதன்முதலாகச் சொன்னார். இரண்டு பாதமும் உறைந்து கறுத்துப்போய், கம்பெனியின் முதலுதவிக்காரன் ஐவன் ஸ்வோப் அவரை லாரியில் ஏற்றி அனுப்பினான். பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்தார்கள். கம்பெனி அடிபட்டது என்று அங்கே கேள்விப்பட்டதும், ஒருவரிடமும் சொல்லாமல் வேறு யாருடைய பூட்ஸையோ மாட்டிக்கொண்டு திரும்பிவந்துவிட்டார். சொல்லாமல் கிளம்பியதால் ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. அவர் லாரியில் ஏறியதைப் பார்த்தவர்கள் உயிரோடு இல்லை. திரும்பி வந்ததைத்தான் பிக்ஸ் பார்த்தார். மெர்லின் கோப்பு செயின்ட் லூயிஸ் தீயில் போயிற்று. அந்த வாரத்துக் கம்பெனித் தாள்களைப் பின்வாங்கும்போது கணக்கனே எரித்துவிட்டான்.

"பலகையில பேர் வரணும்னு எனக்கு ஆசை இல்ல, ஆர்வில். ஆனா வராமப் போனா ஃபெர்ன் அதைத் தாண்டித்தான் தினமும் தபாலாபீஸ் போகணும்" என்றார் மெர்ல். ஃபெர்ன் அவர் மனைவி.

வார்ப்படச்சாலைக்குப் பட்டியல் போக அக்டோபர் கடைசி கெடு. ஆர்வில் தன் வழியில் இறங்கினார். அந்தக் கம்பெனிப் பட்டியலிலிருந்து விலாசம் எடுத்து முப்பத்தாறு பேருக்குக் கடிதம் போட்டார். விலாசதாரர் இல்லை என்று பாதி திரும்பின. மீதியில் பாதி, விதவைகள் எழுதிய நல்ல கடிதங்கள். செப்டம்பர் பிறந்தும் ஒன்றும் தேறவில்லை. அக்டோபர் எட்டாம் தேதி, சனிக்கிழமைக் காலைத் தபாலில் நெப்ராஸ்காவிலிருந்து ஒரு நாலுவரிக் கடிதம் வந்தது. அதே கம்பெனியில் இருந்த ஒருவர் எழுதியது. ஹாக்கன்பெரியை அவருக்கு நினைவில்லை. ஆனால் ஸ்வோப், யாரை எந்தத் தேதியில் எதற்காகப் பின்னால் அனுப்பினான் என்று தன்னுடைய படைப்பிரிவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எல்லார் பெயருக்கும் நேராகப் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். கப்பலில் அதைக் காட்டுவான். அவன் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஆர்வில் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தார். அவன் வீட்டில் எதற்குக் கேட்க வேண்டும்? ஸ்வோப் செத்தபின் அவன் தங்கை வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது அந்தப் புத்தகத்தை வாங்கியவரே இவர்தான். கீழே இரண்டாவது தட்டில் இருக்கிறது. முன் அட்டைக்குள் ஐவன் ஸ்வோப் என்று மசியில் கையெழுத்தும் இருக்கிறது.

கீழே போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்திருக்கலாம். சந்தோஷம் பொறுக்கவில்லை. படியிறங்குவதற்கு முன்னாலேயே மெர்லைக் கூப்பிட்டுக் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டார். மதியம் ஃபெர்னையும் கூட்டிக்கொண்டு வருவதாக மெர்ல் சொன்னார்.

புத்தகம் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆர்வில் பின்பக்கத்தைத் திருப்பினார். பளிச்சென்றிருந்தது. ஒரு புள்ளி இல்லை. அவர் அட்டைப் பெட்டியை இழுத்து அதற்குரிய அட்டையைத் தேடி எடுத்தார். 1967, மே. ஐவன் ஸ்வோப்பின் பிரதி. கட்டு உறுதி. பெயர்ப் பட்டியலில் பென்சில் கிறுக்கல், நீக்கப்பட்டது. அழகான கையெழுத்து.

லவோன் கீழே வந்தபோது அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அட்டையை நீட்டினார். அவள் வாசித்தாள். அவளுக்கும் வாயில் கேலி எதுவும் வரவில்லை. கையைப் பிடித்து மேலே கூட்டிவந்து சமையலறை மேசையில் உட்கார வைத்தாள். வெயில் அங்கே ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும் நேரம். ஆர்வில் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் பிடித்தார். பென்சிலின் கரி போனாலும் அழுத்தம் சில இடங்களில் பள்ளமாக மிஞ்சியிருந்தது. ஒரு பெயருக்கு நேராக 'தோள், 18' என்று படித்துவிட முடிந்தது. இன்னொன்றில் 'காய்ச்சல்'. மெர்லுக்கு மேலே இருந்த பெயரில் 'பாதம்' என்ற சொல் தெரிந்தது, தேதி தெரியவில்லை. மெர்லின் வரியில் மட்டும் ஒன்றுமே இல்லை. அங்கே தாள் பஞ்சுபோல் எழும்பியிருந்தது. அங்கே எழுத்து அழுத்தமாக இருந்திருக்க வேண்டும். மூட்டை உருட்டிப் போகாததால் கட்டி ரப்பரால் நன்றாகத் தேய்த்திருக்கிறார்.

லவோன் ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னதை வைத்து அவளை யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். ஐம்பது வருஷம் அவள் ஃபெர்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்தவள்.

"உன்கிட்ட பென்சில் இருக்கு. பக்கத்துப் பேர்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியுது. மெர்ல் பொய் சொல்றவனும் இல்ல. நீ இல்லாததையா எழுதப் போற?"

ஆர்விலுக்கு அந்த எண்ணம் வராமலில்லை. அவர் எழுதினால் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் அந்த மாநிலத்தில் ஒருவர்தான், அது அவரே.

"என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, லவோன். படிக்கவே இல்லையே நான்" என்றார்.

மூன்று மணிக்கு மெர்லும் ஃபெர்னும் வந்தார்கள். மெர்ல் கோட்டு போட்டிருந்தார். ஃபெர்ன் ஆப்பிள் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள், இன்னும் சூடாக. காப்பி ஊற்றட்டுமா என்று கேட்கப் போன லவோனைக் கையமர்த்திவிட்டு ஆர்வில் புத்தகத்தை மேசைமேல் திறந்து வைத்தார்.

"மெர்ல், இது ஸ்வோப்போட புத்தகம்தான். அவன் எழுதியிருந்தான். வாங்கின மாசமே நான் அழிச்சிட்டேன்."

ஃபெர்னுக்குப் புரியவில்லை. "எதுக்கு அழிச்சீங்க?" என்றாள்.

"சுத்தமா இருக்கட்டும்னு."

மெர்ல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். தெரியாது, படிக்கவில்லை என்று ஆர்வில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கடினமாக இருந்தது.

"படிச்சிட்டாவது அழிச்சிருக்கலாம்ல, ஆர்வில்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஆர்விலுக்குத் தாங்கியிருக்கும். மெர்ல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போய் அந்தப் பக்கத்தை மட்டும் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். தேய்ந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது, விரல் நக அளவுக்கு. அதைப் பார்த்துவிட்டு, இதை நான் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஆர்வில் தலையாட்டினார். அன்றைக்கு அந்தப் பணியாரத்தை யாரும் வெட்டவில்லை.

திங்கட்கிழமை சங்கக் கூட்டத்தில் ஆர்வில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். நெப்ராஸ்காக் கடிதத்தைப் படித்தார், தன் அட்டையைக் காட்டினார். மெர்லின் பெயருக்கு நேராக எழுத்து இருந்தது, தேய்த்த தடம் அதற்குச் சாட்சி, அதற்கு நான் பொறுப்பு என்றார். கேட்டவர்களில் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். ரோலண்ட் ஃபெட்டர்ஸ் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"நான் மெர்லை நம்புறேன். உன்னையும் நம்புறேன். ஆனா தாள்னு விதி போட்டது நீ. அழிச்ச இடத்தைச் சாட்சின்னு எடுத்துக்கிட்டா நாளைக்கு எவனும் வெத்துத் தாளைத் தூக்கிக்கிட்டு வருவான்" என்றார்.

அது நியாயம்தான் என்று ஆர்விலுக்கே தெரிந்தது. வேறொருவர் வந்து இதையே கேட்டிருந்தால் அவரும் இதையே சொல்லியிருப்பார்.

டிசம்பர் பதினாறாம் தேதி பலகையைத் திறந்தார்கள். பதினேழு பெயர்கள். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: வரலாற்று உதவி, ஆர்வில் டெட்ரிக். அதை எடுத்துவிடச் சொல்லி அவர் போன் செய்தபோது அச்சு வார்த்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, பெல்ஜியத்தை வரைபடத்தில் மட்டும் பார்த்தவரின் பெயர் வெண்கலத்தில் ஏறிவிட்டது. அங்கே பாதத்தையே இழக்க இருந்தவரின் பெயர் ஏறவில்லை. திறப்பு விழாவில் முதல் வரிசை நாற்காலி ஆர்விலுக்குப் போட்டிருந்தார்கள். அவர் தபாலாபீஸ் பக்கம் நின்று பார்த்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. பெட்டியில் இருந்த அட்டைகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். நீக்கப்பட்டது என்ற சொல் முந்நூற்றுப் பதினோரு அட்டைகளில் இருந்தது. ஓரக் குறிப்புகள், நீக்கப்பட்டன. படங்களின் கீழ்ப் பென்சில் பெயர்கள், நீக்கப்பட்டன. வரைபடத்தில் சிலுவைக் குறிகள், நீக்கப்பட்டன. யார் அந்தச் சிலுவையைப் போட்டார்கள், யாரை அங்கே புதைத்தார்கள்? இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்கு, மன்னிக்கவும், உங்கள் அப்பாவைப் பற்றி என்னிடம் ஒன்றும் இல்லை என்று பதில் எழுதியிருக்கிறார். இருந்ததோ என்னவோ. ரப்பர் தூள் மூட்டையை லவோன் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். அவர் தேடவில்லை.

மெர்ல் மார்ச் மாதத்தில் இறந்தார். மாட்டுக் கொட்டகையில் காலைக் கறவை முடிந்தபின், நெஞ்சு வலி. சவ அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் ஃபெர்ன் ரொட்டி உறைக்குள் புத்தகத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். உட்காரவில்லை.

"மன்னிச்சுக்கோங்க. உங்க சுத்தமான புத்தகத்துல அவர் கண்டபடி எழுதி வச்சிட்டார்" என்றாள்.

ஆர்வில் திறந்தார். பின்பக்கம் முழுக்கப் பென்சில். பால் கணக்கு எழுதிப் பழகிய கட்டை எழுத்து, சில இடங்களில் நடுங்கியிருந்தது. கம்பெனியின் ஒவ்வொரு பெயருக்கும் நேராக, தனக்கு நினைவிருந்ததை எல்லாம் மெர்ல் எழுதியிருந்தார். என்னைத் தோளில் போட்டு லாரிவரை தூக்கினான், மறுநாள் செத்தான். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவான், எல்லாருக்கும் தெரியும். மனைவிக்குக் கடிதம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஐவன் ஸ்வோப்பின் பெயருக்கு நேராக, தன் கையுறையை என் காலில் மாட்டினான். ஹார்லன் பிக்ஸுக்கு நேராக ஒரே வரி: கப்பலில் நன்றாகப் பாடினான்.

ஆர்வில் விரலால் வரி வரியாக இறங்கி வந்தார். மெர்லின் பெயரில் விரல் நின்றது. அங்கே மட்டும் ஒன்றும் இல்லை. தேய்ந்த தாள் தேய்ந்தபடியே இருந்தது.

"தன் பேருக்கு மட்டும் எழுதலையே, ஃபெர்ன்."

"நானும் கேட்டேன். 'அது ஸ்வோப் எழுத வேண்டியது, எழுதிட்டான். அது மேல நான் எழுதக் கூடாது'ன்னார்."

அவள் போனபிறகு ஆர்வில் கீழே இறங்கி 1967ஆம் வருஷத்து அட்டையை எடுத்தார். பென்சில் கிறுக்கல், நீக்கப்பட்டது என்பதை ஒரு தடவை படித்தார். அதன் கீழே மசிப் பேனாவால், அழியாதபடி, நீக்கியவர் ஆர்வில் டெட்ரிக் என்று எழுதினார். பிறகு அடுத்த அட்டையை எடுத்தார்.